கரெத்தேரா ஆஸ்திரால்: முதல்முறை வண்டி எடுத்துப் போகிறவர்களுக்கு

சிலி நாட்டின் தெற்கே, கரெத்தேரா ஆஸ்திரால் என்ற மலைச்சாலையில், வியா செர்ரோ காஸ்தியோ என்ற ஊரிலிருந்து புவேர்த்தோ ரியோ திரான்கிலோவுக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர்தான். காலையில் காபி குடித்துவிட்டு எட்டு மணிக்குக் கிளம்பினால் பத்தரைக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. நடுவில் ஒரு பஞ்சர். சாலை வேலைக்காக வழியை மூடியிருந்ததால் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பு. மீதி நேரமெல்லாம் சரளைக்கல்லில் ஊர்ந்ததுதான். அன்றைக்கு ஒன்று தெளிவாகப் புரிந்தது. இந்தச் சாலையில் கிலோமீட்டரை வைத்துத் திட்டம் போடவே கூடாது. படகு நேரம், பெட்ரோல், பகல் வெளிச்சம் என்ற மூன்றை வைத்துத்தான் போட வேண்டும். கீழே சொல்லியிருக்கிற எல்லாமே அதிலிருந்து வந்ததுதான்.

முதலில் சாலையைப் பற்றிக் கொஞ்சம். இது சிலி நாட்டின் 7-ஆம் எண் நெடுஞ்சாலை. வடக்கே புவேர்த்தோ மோந்த் நகரில் தொடங்கி, தெற்கே வியா ஓஹிக்கின்ஸ் என்ற சிற்றூரில் முடிகிறது. மொத்தம் சுமார் 1,240 கி.மீ. ஒரு பக்கம் ஆண்டிஸ் மலை, மறுபக்கம் மலைகளுக்குள் நீள நீளமாகப் புகுந்து கிடக்கும் பசிபிக் கடல், நடுவில் காடும் ஏரியும் பனியாறும். இந்தச் சாலை வருவதற்கு முன் அய்சேன் பகுதி மக்கள் தங்கள் நாட்டுக்குள்ளேயே வடக்கே போகக் கப்பலேற வேண்டும், இல்லாவிட்டால் அர்ஜென்டினா வழியாகச் சுற்ற வேண்டும். ராணுவ ஆட்சி நடந்த 1976-இல் பெரிய அளவில் வேலை தொடங்கியது. ராணுவத்தினர் பாறைகளை வெடிவைத்து உடைத்து வழி போட்டார்கள். 1988-இல் வண்டிகளுக்குத் திறந்தார்கள். கடைசி 100 கிலோமீட்டர் முடிந்து வியா ஓஹிக்கின்ஸுக்கு வண்டி போய்ச் சேர்ந்தது 2000-இல்தான். அவ்வளவு இளைய சாலை. இன்னும் முழுதாக முடியவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பகுதி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

முழுச் சாலையையும் ஒரே பயணத்தில் பார்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை வரும். இரண்டு வாரமாவது கையில் இருந்தால் மட்டும் அதை யோசியுங்கள். மூன்று வாரம் என்றால் நிம்மதி. எட்டு, பத்து நாள்தான் இருக்கிறது என்றால் நான் சொல்வது ஒன்றே: தலைநகர் சந்தியாகோவிலிருந்து, சாலையின் நடுப்பகுதியை ஒட்டிய பால்மசேதா விமான நிலையத்துக்குப் பறந்து, அங்கேயே வண்டி எடுத்து, தெற்கே தோர்தெல் வரை போய்த் திரும்புங்கள். வண்டியை எடுத்த ஊரிலேயே விடுவதால் செலவும் குறையும். ஓர் ஊரில் எடுத்து வேறு ஊரில் விடுவதற்கு நிறுவனங்கள் தனியாக வாங்கும் தொகை பெரிது.

வடபாதியில் மழைக்காடு அடர்த்தி. சாலை பெரும்பாலும் தார் போட்டது. ஆனால் புவேர்த்தோ மோந்திலிருந்து தொடங்கினால் சைத்தேன் ஊரை எட்டுவதற்குள் மூன்று முறை வண்டியோடு படகு ஏற வேண்டும். தென்பாதியில் ஏரிகள், பனிமலைகள், சரளைக்கல். எனக்குப் பிடித்தது தென்பாதிதான். ஆனால் புதியவர்களுக்குக் கடினமும் அதுதான்.

காலம் டிசம்பர் முதல் மார்ச் வரை. நமக்குக் குளிர்காலம் என்பது அங்கே கோடை. ஜனவரியில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், கூட்டமும் இருக்கும். அந்த மாதத்தில் தபானோ என்ற பெரிய குதிரை ஈக்கள் மொய்க்கும். கருநிற உடையைத் தேடி வரும் என்று உள்ளூர்க்காரர்கள் சொல்கிறார்கள், வெளிர் நிறத்தில் போட்டுக்கொள்ளுங்கள். மார்ச் பாதிக்கு மேல் ஈயும் கூட்டமும் குறைந்துவிடும். ஏப்ரலில் லெங்கா மரங்கள் சிவந்து மலையே தீப்பிடித்தது போல இருக்கும், ஆனால் பகல் குறைந்துவிடும், சில விடுதிகளும் மூடிவிடும்.

காகித வேலைகள்

விசா விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் சிலி தூதரகத்திடம் நேரடியாகக் கேட்டு முடித்துவிடுங்கள். ஊரில் எடுத்த ஓட்டுநர் உரிமத்தோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்துத்தான் கேட்பார்கள். அர்ஜென்டினா பக்கம் போய் வர எண்ணம் இருந்தால், வாடகை வண்டியை எல்லை தாண்ட நோட்டரி சான்றிட்ட அனுமதிக் காகிதம் வேண்டும். கேட்ட அன்றே கிடைக்காது, முன்பதிவிலேயே சொல்லிவிடுங்கள்.

நம்மவர்களுக்கு முக்கியமான ஒன்று, சாப்பாட்டுப் பொருள். பழம், விதை, தேன் போன்றவற்றைச் சிலி நாட்டுக்குள் கொண்டுவருவதில் மிகவும் கண்டிப்பு. இறங்கும்போது உறுதிமொழிப் படிவம் நிரப்ப வேண்டும். பருப்புப்பொடி, புளி, ஊறுகாய் எது பையில் இருந்தாலும் "இருக்கிறது" என்றே எழுதிவிடுங்கள். எழுதிவிட்டால் பார்த்துவிட்டு விடுவார்கள், அல்லது எடுத்துக்கொள்வார்கள். எழுதாமல் மாட்டினால் அபராதம். விமானத்தில் கொடுத்த ஆப்பிளைப் பையில் மறந்து வைத்திருந்தாலும் அதே கதைதான்.

வண்டி எடுக்கும்போது

நான்கு சக்கர இழுவை கட்டாயம் இல்லை. கோடையில் சாதாரணக் காரிலும் குடும்பத்தோடு போகிறவர்களைப் பார்க்கலாம். ஆனால் வண்டியின் வயிறு தரையிலிருந்து உயரமாக இருக்க வேண்டும். அதனால் பிக்கப் அல்லது உயரமான எஸ்யூவி நல்லது.

வண்டியை வாங்கும்போது அவசரப்படாதீர்கள். ஸ்டெப்னியை வெளியே எடுத்துப் பாருங்கள். முழு அளவு டயரா, காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பாருங்கள். ஒல்லியான தற்காலிக டயர் இருந்தால் வேறு வண்டி கேளுங்கள். ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் எங்கே இருக்கின்றன என்று காட்டச் சொல்லி, நட்டு ஒன்றைத் தளர்த்திப் பார்த்து மறுபடி முறுக்குங்கள். நான் அதைச் செய்யவில்லை. முன்பு யாரோ இயந்திரத்தால் முறுக்கியிருந்த நட்டை, மழையில் நனைந்தபடி ஸ்பேனர் மேல் ஏறி நின்று திருப்ப வேண்டியிருந்தது. எதிரே வந்த வைக்கோல் லாரிக்காரர் நிறுத்தி, தன் வண்டியிலிருந்து இரும்புக் குழாய் ஒன்றை எடுத்து ஸ்பேனரில் மாட்டிக் கொடுத்தார். ஒரே இழுப்பு, வந்துவிட்டது. அந்தச் சாலையில் யாருடைய வண்டியாவது நின்றிருந்தால் நிறுத்திக் கேட்காமல் யாரும் போவதில்லை. நீங்களும் நிறுத்துங்கள்.

காப்பீட்டில் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் பெரும்பாலும் சேராது. காற்றில் கதவு வளைந்தால் அதையும் சேர்க்க மாட்டார்கள். காற்று என்றால் சாதாரணக் காற்று இல்லை. கதவைக் கொஞ்சம் திறந்தாலே பிடுங்கிக்கொண்டு போகும். வண்டியை நிறுத்தும்போது முகத்தைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி நிறுத்துங்கள். கதவை எப்போதும் கையால் பிடித்தபடியே திறங்கள், பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள்.

பெட்ரோல்

இதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படியுங்கள். சிலியில் பெட்ரோலுக்குப் பெயர் பென்சினா. டீசலைத்தான் பேச்சுவழக்கில் பெத்ரோலியோ என்கிறார்கள். நாம் பழக்கத்தில் "பெட்ரோல்" என்று சொன்னால் அவர்கள் காதில் டீசலாகத்தான் விழும். என் வண்டியிலும் பங்க் பையன் டீசல் குழாயைக் கையில் எடுத்துவிட்டான், மூடியில் எழுதியிருந்ததைப் பார்த்து அவனே நிறுத்திக் கேட்டதால் தப்பித்தோம். வாயால் சொல்லாமல் 93, 95 என்று எண்ணைக் காட்டுங்கள், போதும். அவை பெட்ரோலுக்கான எண்கள்.

பங்க் இருக்கும் ஊர்கள்: வடக்கிலிருந்து ஒர்னோபிரேன், சைத்தேன், லா ஹூந்தா, புயுவாப்பி, மாஞிவாலெஸ், கொய்யாய்கே, ரியோ திரான்கிலோ, கோக்ரன், கடைசியில் வியா ஓஹிக்கின்ஸ். கொய்யாய்கேயிலிருந்து ரியோ திரான்கிலோ வரை 220 கி.மீ. இடைவெளி. கோக்ரனிலிருந்து வியா ஓஹிக்கின்ஸ் 230 கி.மீ. சிற்றூர்களில் டேங்கர் லாரி வரத் தாமதமானால் பங்க் காய்ந்துவிடும். அதனால் பாதி டேங்க் இருந்தாலும் பங்கைப் பார்த்தால் நிரப்புங்கள்.

பணமும் அப்படித்தான். இந்தப் பகுதியின் பெரிய ஊரான கொய்யாய்கேயில், சிலி நாணயமான பெசோவாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சிற்றூர்களில் இணைய இணைப்பு போனால் கார்டு வேலை செய்யாது. வரைபடத்தைக் கைப்பேசியில் முன்பே இறக்கிவிடுங்கள், ஊருக்கும் ஊருக்கும் நடுவே சிக்னல் கிடையாது.

படகுகள்

வடக்கிலிருந்து வருகிறவர்களுக்கு இதுதான் பெரிய முடிச்சு. லா ஆரேனாவிலிருந்து புவெல்சே வரை முதல் படகு, அரை மணி நேரம்தான். அடிக்கடி ஓடுகிறது, வரிசையில் நின்று ஏறிக்கொள்ளலாம். அப்புறம் ஒர்னோபிரேனிலிருந்து லெப்தெபு வரை மூன்றரை மணி நேரத்துக்கும் மேல். இறங்கியதும் 10 கிலோமீட்டர் நிலத்தில் ஓட்டினால் அடுத்த படகுத்துறை, அங்கிருந்து காலேத்தா கொன்சாலோவுக்கு முக்கால் மணி நேரம். இந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரே சீட்டு. ஜனவரி, பிப்ரவரியில் பல வாரங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். ஆகவே விமான டிக்கெட்டுக்கு அடுத்த வேலை இந்தப் படகுச் சீட்டு. அது கிடைத்த தேதியை வைத்து மற்றதைப் போடுங்கள். கிடைக்காவிட்டால் புவேர்த்தோ மோந்திலிருந்தோ சிலோயே தீவின் கெயோனிலிருந்தோ நேரே சைத்தேனுக்குப் பெரிய கப்பல் உண்டு.

தெற்குக் கோடியில் புவேர்த்தோ யுங்காயிலிருந்து ரியோ பிராவோவுக்கு இன்னொரு படகு. இது இலவசம், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. நாளுக்குச் சில முறைதான் ஓடும். கடைசிப் படகை விட்டால் இரவு வண்டியில்தான்.

சரளையில் ஓட்டுவது

சரளைச் சாலைக்கு அங்கே ரிப்பியோ என்று பெயர். சரளை இறுகி, குறுக்கே அலை அலையாக மடிப்பு விழுந்திருந்தால் கலமினா. தகரக்கூரை என்று பொருள், பார்த்தால் அப்படித்தான் இருக்கும். கலமினாவில் வண்டி பல்லைக் கிட்டிக்கொண்டு நடுங்கும். வேகமாகப் போனால் நடுக்கம் குறைகிறதே என்று தோன்றும். உண்மையில் டயர் மடிப்புகளின் முகட்டை மட்டும் தொட்டுப் பறக்கிறது, திருப்பினாலும் பிரேக் போட்டாலும் பிடிப்பு இருக்காது. அங்கே கவிழும் வாடகை வண்டிகள் பெரும்பாலும் இப்படித்தான் கவிழ்கின்றன. மணிக்கு 40 முதல் 50 வரை போதும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் பிரேக்கைத் தொடாதீர்கள்.

இன்னொரு ஆபத்து நம் ஊரில் ஓட்டிப் பழகியவர்களுக்கே உரியது. சிலியில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். நகரத்தில் மற்ற வண்டிகளைப் பார்த்து ஓட்டிவிடுவோம். சரளைச் சாலையில் கோடும் கிடையாது, அரை மணி நேரத்துக்கு ஒரு வண்டியும் வராது. எல்லோரும் நடுவில் பதிந்த தடத்திலேயே போவார்கள், நாமும் போவோம். திடீரென்று வளைவில் ஒரு லாரி எதிரே வரும்போது கை தானாக இடப்பக்கம் ஒடிக்கும். பல வருடப் பழக்கம் அந்த ஒரு நொடியில் எழுந்து நிற்கும். அதனால் பார்வைக்கு வளைவோ மேடோ தெரிந்தால், ஆள் வந்தாலும் வராவிட்டாலும் அப்போதே வலப்பக்கம் ஒதுங்கிவிடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை ஒவ்வொரு வளைவுக்கும் "வலது" என்று சொல்லச் சொல்லுங்கள். நாங்கள் முதல் மூன்று நாளும் அப்படித்தான் ஓட்டினோம்.

எதிரே வண்டி வந்தால் வேகத்தைக் குறையுங்கள், கல் தெறித்துக் கண்ணாடி விரிசல் விடுவது அப்போதுதான். சைக்கிள்காரர்கள் நிறையப் பேர் வருவார்கள், உலகம் முழுவதிலிருந்தும் இந்தச் சாலைக்கென்றே வருகிறார்கள். அவர்களைக் கடக்கும்போது நடக்கிற வேகத்தில் கடங்கள். உங்கள் புழுதி அவர்கள் நுரையீரலுக்குள்தான் போகும். பாலங்கள் பல ஒரு வண்டிதான் போக முடியும், பலகையில் யாருக்கு முன்னுரிமை என்று அம்புக்குறி இருக்கும். பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும் என்பது சட்டம். இரவில் ஓட்டவே ஓட்டாதீர்கள்.

பஞ்சரானால் ஊருக்குள் "வுல்கனிசாசியோன்" என்ற பலகையைத் தேடுங்கள். நம் ஊர் பஞ்சர் கடையில் வல்கனைசிங் என்று எழுதியிருப்போமே, அதே சொல்தான். ஒரு டயர் போனதும் மாற்றிக்கொண்டு ஏரியைப் பார்க்கப் போய்விடாதீர்கள். ஸ்டெப்னி இல்லாமல் அடுத்த ஊருக்குக் கிளம்பக் கூடாது.

மண்சரிவு, மழை, எலி

இந்த மலைகள் இன்னும் அடங்கவில்லை. 2008 மே மாதம் சைத்தேன் எரிமலை வெடித்து, சாம்பல் சேறாக ஆற்றில் இறங்கி ஊரின் ஒரு பகுதியையே மூடியது. 2017 டிசம்பரில் வியா சாந்தா லூசியா மேல் மலை சரிந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வடபாதியில் ஓட்டினால் இரண்டு ஊர்களின் வழியாகவும் நீங்கள் போவீர்கள். பலத்த மழை பெய்தால் ஒரு நாள் ஊரிலேயே தங்கிவிடுங்கள். அதற்காகவே திட்டத்தில் இரண்டு நாள் காலியாக வையுங்கள். சாலை திறந்திருக்கிறதா என்று காரபினெரோஸ் எனப்படும் காவலர்களிடம் கேட்கலாம், சிற்றூர்களிலும் அவர்களுக்கு நிலையம் உண்டு. அவசர எண்கள்: காவல் 133, ஆம்புலன்ஸ் 131, தீயணைப்பு 132, காட்டுத்தீ 130.

ஹன்டா வைரஸ் பற்றிப் பலர் சொல்வதில்லை. காட்டு எலியின் எச்சத்திலிருந்து பரவும் கடுமையான நோய் அது. நாள்கணக்கில் பூட்டிக்கிடந்த குடிலுக்குள் உடனே நுழையாதீர்கள். கதவு ஜன்னல்களைத் திறந்து அரை மணி நேரம் காற்றோட விடுங்கள். புதருக்குள் படுக்காதீர்கள், சாப்பாட்டை மூடி வையுங்கள்.

சாப்பாடு, தங்குமிடம்

கபாஞா என்ற மரக்குடில்களில் அடுப்பு இருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் அதையே பிடியுங்கள். அரிசி, பருப்பு, முட்டை, வெங்காயம் சின்னக் கடையிலும் கிடைக்கும். நல்ல காய்கறி வேண்டுமென்றால் கொய்யாய்கேயில் வாங்கி ஏற்றிக்கொள்ளுங்கள். உணவகத்தில் லெந்தேஹாஸ் என்று கேட்டால் பருப்புக் குழம்பு போல வரும், இறைச்சி சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பான் அமாசாதோ என்ற வீட்டு ரொட்டி சூடாகக் கிடைத்தால் விடாதீர்கள்.

பத்து நாள் என்றால் இப்படி

முதல் நாள் பால்மசேதாவில் இறங்கி 55 கி.மீ. தள்ளியுள்ள கொய்யாய்கேயில் சாமான் வாங்குங்கள். இரண்டாம் நாள் செர்ரோ காஸ்தியோ வரை 95 கிலோமீட்டரும் தார்ச்சாலைதான். கோட்டை மதில் போலக் கூரிய முனைகளோடு 2,675 மீட்டர் உயர மலை ஊரின் தலைமேல் நிற்கும். அங்கே இரண்டு இரவு தங்கி ஒரு நாள் ஏரி வரை ஏறிவாருங்கள். நல்ல ஏற்றம், முட்டிக்குக் கம்பு எடுத்துப் போங்கள்.

நான்காம் நாள் ரியோ திரான்கிலோ. ஊர் ஹெனரால் கர்ரேரா ஏரிக்கரையில் இருக்கிறது. 1,850 சதுர கி.மீ. பரப்புள்ள ஏரி, பாதிக்குச் சற்றுக் குறைவான பகுதி அர்ஜென்டினாவில். பனியாறு அரைத்த கல்மாவு கலந்திருப்பதால் தண்ணீர் நீலமும் பச்சையும் இல்லாத ஒரு நிறம். அலை அரித்துக் குடைந்த பளிங்குக் குகைகளுக்குப் படகில் கூட்டிப்போவார்கள். மறுநாள் காலை முதல் படகில் போங்கள். மதியத்துக்கு மேல் காற்று எழுந்தால் படகு விடமாட்டார்கள். குகைக்குள் படகு நுழைந்ததும் கையைத் தூக்கினால் கூரை எட்டும். சாம்பலும் வெள்ளையுமாய் வரிவரியான கல், அதன்மேல் தண்ணீரின் ஒளி ஓடிக்கொண்டே இருக்கும். படகோட்டி இயந்திரத்தை நிறுத்தினார். கல்லுக்கடியில் தண்ணீர் "களக் களக்" என்று விழுங்குகிற சத்தம் மட்டும்.

அடுத்து கோக்ரன் போகிற வழியில் பேக்கர் ஆறு கூடவே வரும். சிலியிலேயே அதிகத் தண்ணீர் ஓடும் ஆறு. இதன்மேலும் பாஸ்குவா ஆற்றின்மேலும் ஐந்து அணைகள் கட்டும் திட்டத்துக்கு 2011-இல் அனுமதி கிடைத்தது. மக்கள் வருடக்கணக்கில் போராடினார்கள். 2014 ஜூனில் அரசு அந்த அனுமதியை ரத்து செய்தது. அணைகள் வந்திருந்தால் இந்தப் பள்ளத்தாக்கு இன்றிருப்பது போல இருந்திருக்காது. நெஃப் ஆறு வந்து சேரும் இடத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடங்கள். நீல ஆறும் சாம்பல் ஆறும் கலக்க மனமில்லாமல் ஒன்றன்பக்கம் ஒன்றாக ஓடுவதைப் பார்க்காமல் தாண்டிப் போகிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கோக்ரனிலிருந்து தோர்தெல் 125 கி.மீ. அந்த ஊரில் தெருவே இல்லை. கரையோரம் முழுக்க சைப்ரஸ் பலகைகளில் போட்ட நடைபாதையும் படிக்கட்டும்தான். வண்டியை மேலே நிறுத்திவிட்டுப் படியிறங்க வேண்டும். சக்கரப் பெட்டியை வண்டியிலேயே விட்டு, இரண்டு நாள் துணியை முதுகுப்பையில் எடுத்துக்கொள்ளுங்கள். டார்ச் மறக்காதீர்கள். பலகை ஈரமானால் வழுக்கும்.

நேரம் மிச்சமிருந்தாலும் முதல் பயணத்தில் வியா ஓஹிக்கின்ஸ் வரை இழுக்க வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே வண்டிக்கு வழி முடிந்துவிடுகிறது. அர்ஜென்டினாவுக்கு ஏரியைப் படகில் கடந்து நடந்தோ சைக்கிளிலோதான் போகலாம். கார் வந்த வழியே திரும்ப வேண்டும்.

திரும்பும்போது அதே வழி சலிக்கும் என்றால், ஏரியின் தென்கரையோரமாக சிலே சிகோ போய், அங்கிருந்து வண்டியோடு கப்பலேறி இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலே பயணித்து புவேர்த்தோ இபாஞெஸில் இறங்கலாம். அந்தக் கரைச்சாலை மலை விளிம்பில் குறுகலாகப் போகிறது, நிதானமாக ஓட்டுங்கள். கப்பல் சீட்டை முன்பே எடுத்துவிடுங்கள். இறங்கியதும் தார்ச்சாலை. கொய்யாய்கேயில் வண்டியைக் கழுவி, டேங்க் நிரப்பி, முன்கண்ணாடியையும் நான்கு டயரையும் படமெடுத்து வைத்துக்கொண்டு அப்புறம் விமான நிலையத்துக்குப் போங்கள்.